ஏழு மாதம் போட்ட இறுக்கு சாக்ஸ்

கால் வலிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக, என்னைப் போல எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் நின்று வேலை பார்க்கிறவர்களுக்காக. எனக்கு நயமாகச் சொல்ல வராது. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். என் இடது காலில் இப்போது நான்கு விரல்தான் இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே எல்லாமே போயிருக்க வேண்டியது. போகாமல் நின்றதற்கு நான் காரணமில்லை. அந்த அளவுக்கு வந்ததற்குத்தான் நான் காரணம்.

சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். ஓசூருக்கு வந்து இருபத்து மூன்று வருடம் ஆகிறது. மத்திகிரியில் வாடகை வீடு. வண்டிகளுக்கு கியர் பாகம் கடைகிற கம்பெனியில் ஆபரேட்டர். இரண்டு மெஷினுக்கு நடுவில் நிற்பேன். ஒன்றில் மாட்ட வேண்டும், மற்றதில் கழற்ற வேண்டும். உட்கார ஸ்டூல் கிடையாது. கொடுத்தால் தூங்கிவிடுவோமாம்.

வீட்டிலிருந்து கம்பெனி பஸ் நிற்கிற இடத்துக்கு மாட்டுப்பண்ணை மதில் ஓரமாக நடக்க வேண்டும். பல வருடமாக நடந்த வழி. போன வருடம் ஒருநாள் பாதி வழியில் இடது கெண்டைக்கால் இறுகிப் பிடித்துக்கொண்டது. நின்றேன். இரண்டு நிமிடத்தில் விட்டுவிட்டது. மறுநாளும் அதே இடத்தில் பிடித்தது. பிறகு இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. பிறகு மூன்று. பார்க்கிறவர்களுக்குத் தெரியக்கூடாதென்று, நிற்கும்போதெல்லாம் போனை எடுத்துப் பார்ப்பதுபோல் நடிப்பேன். நடந்தால் வலிக்கும், நின்றால் விடும். இது ஒன்றை வைத்தே நோயைக் கண்டுபிடித்திருக்கலாம் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். எங்கள் மெஷின் லைனில் எவனுக்கும் அது தெரியாது. எங்களுக்குத் தெரிந்த கால் நோய் ஒன்றே ஒன்றுதான்.

அது வெரிகோஸ். நின்று நின்று காலில் நரம்பு புழு மாதிரி முறுக்கிக்கொண்டு புடைக்குமே, அது. லைனில் பாதிப் பேருக்கு உண்டு. பக்கத்து மெஷின் நாகராஜுக்கு அதற்கு ஆபரேஷனே நடந்திருந்தது. அவன் அஞ்செட்டி மலையில் நாட்றாம்பாளையத்துக்காரன். வீட்டில் கன்னடம், லைனில் தமிழ், சூப்பர்வைசரிடம் தெலுங்கு. ஆபரேஷன் செய்த டாக்டர் அவனுக்கு இறுக்கமான சாக்ஸ் எழுதிக் கொடுத்திருந்தார். தோல் நிறம், விரல் பக்கம் திறந்திருக்கும், முழங்கால் வரை வரும். அவனுக்கு அதில் கால் நன்றாகிவிட்டது. அன்றிலிருந்து அவன் எங்கள் லைனுக்கே டாக்டர். யார் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாலும் அந்த சாக்ஸைத்தான் சொல்வான்.

"நின்னு நின்னு வர்றதுண்ணா இது. எனக்கும் இப்டித்தான் இருந்துச்சு. இத போடுண்ணா, பதினஞ்சு நாள்ல நீயே சொல்லுவ" என்று தன்னிடம் இருந்த புது ஜோடியைக் கொடுத்தான். காசு வாங்கவில்லை.

என் காலில் எதுவும் புடைக்கவில்லை. அதை நானும் யோசிக்கவில்லை, அவனும் யோசிக்கவில்லை. முதல் ஜோடி தளர்ந்ததும் மருந்துக்கடையில் இரண்டாவது வாங்கினேன். என்ன சைஸ் என்று மட்டும் கேட்டார்கள்.

அந்த சாக்ஸை ஒருவன் தானாகப் போட்டுக்கொள்ள முடியாது. அவ்வளவு இறுக்கம். காலை ஐந்து மணிக்கு என் மனைவி மாரீஸ்வரி தரையில் உட்கார்ந்து என் காலைத் தன் தொடைமேல் வைத்துக்கொள்வாள். முதலில் பாதத்தில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டுவாள். அதன்மேல் சாக்ஸ் வழுக்கிக்கொண்டு ஏறும். ஏறிய பிறகு விரல் பக்கத்துத் திறப்பு வழியாகப் பையை உருவிவிடுவாள். இது அவளே கண்டுபிடித்த வழி. நாகராஜ் வீட்டுக்குப் போன் போட்டு அவன் பெண்டாட்டிக்கும் சொல்லிக்கொடுத்தாள். ஏழு மாதம், ஒருநாள் தவறாமல் செய்தாள்.

இரவில் படுத்தால் பாதம் எரிய ஆரம்பித்தது. காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால் கொஞ்சம் அடங்கும். அப்போதாவது மூளை வேலை செய்திருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? பகலில் சாக்ஸ் இருப்பதால் தாங்குகிறது, இரவில் இல்லாததால்தான் எரிகிறது என்றேன். அவள் இரவிலும் போட்டுவிட்டாள்.

பிறகு சுண்டுவிரலில் புண் வந்தது. சேஃப்டி ஷூவின் இரும்பு முனை உரசியதால் வந்தது. நெல்லிக்கொட்டை அளவுகூட இல்லை. மூன்று வாரம் கிளினிக்கில் மருந்து வைத்துக் கட்டினார்கள். ஆறவில்லை. விரல் கறுத்தது. ஓசூரில் ஒரு சர்ஜனிடம் அனுப்பினார்கள். கட்டைப் பிரித்து ஒரு பார்வை பார்த்தார். காலைத் தொடவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம், தாமதித்தால் இன்னும் மேலே போகும், பொய்க்கால் வைத்து நன்றாக நடக்கலாம் என்றார். மெஷினில் தேய்ந்த டூலை மாற்றச் சொல்கிற மாதிரி சொன்னார். அவர் மேஜைமேல் இருந்த பேனா ஸ்டாண்டைத் தள்ளிவிட்டு வந்தேன். அது தப்புதான். ஆனால் அன்று என் கைக்கு எட்டியது அதுதான்.

ஒற்றைக் காலோடு என் வேலைக்குப் போக முடியாது. வேறு வேலையும் எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாரீஸ்வரி நாகராஜுக்குப் போன் செய்திருக்கிறாள். அவன் தன் மச்சானுடைய காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். வெட்டுவதற்கு முன்னால் ரத்தக்குழாய் டாக்டர் ஒருவரிடம் காட்டியே ஆக வேண்டும் என்றான். அவனுக்கு வெரிகோஸ் ஆபரேஷன் நடந்த அதே பெரிய ஆஸ்பத்திரி, கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம். அத்திப்பள்ளியில் வண்டிகள் நின்றது நின்றபடி இருந்தன. காலைக் கீழே தொங்கவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாக்ஸ் காலில்தான் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே, வலி தெரியாமல் இருக்கட்டும் என்று மாரீஸ்வரி விரல் கட்டுக்கு மேலேயே அதைப் பதமாக ஏற்றிவிட்டிருந்தாள்.

அங்கே ஒரு பெண் டாக்டர். வேலூர்ப் பக்கம், தமிழ் பேசினார். ஆள் சின்ன உருவம். முதல் வேலையாக சாக்ஸைக் கழற்றினார். தோலில் அதன் வரிவரியான தடம் பதிந்திருந்தது. இரண்டு விரலைத் தொடை இடுக்கில் வைத்தார், முழங்காலுக்குப் பின்னால் வைத்தார், கணுக்காலில் வைத்தார், பாதத்தின் மேல் வைத்தார். வலது காலிலும் அதேபோல் பார்த்தார். திரும்ப இடது காலுக்கு வந்தார். பிறகு அந்த சாக்ஸைக் கையில் தூக்கிப் பிடித்தார்.

"இத யாரு போடச் சொன்னது?"

நாகராஜ் வெளியே வண்டி நிறுத்தப் போயிருந்தான். நான் விரும்பிப் போட்டது. இரவிலும் போடச் சொன்னது நான். வாயைத் திறந்து அதைச் சொல்ல எனக்கு ஒரு நொடிதான் தேவை.

மாரீஸ்வரி சொன்னாள்: "நாந்தான் மேடம் தினமும் போட்டுவிட்டேன்."

நான் பேசாமல் இருந்தேன். இந்த முழுக் கதையிலும் எனக்கு ஆறாதது அந்த ஒரு நொடிதான்.

டாக்டர் அவளைத் திட்டவில்லை. ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். காலுக்கு ரத்தம் கொண்டுவருகிற குழாய்கள் வேறு, காலிலிருந்து இதயத்துக்குத் திருப்பி எடுத்துப் போகிற குழாய்கள் வேறு. வெரிகோஸ் என்பது திரும்பிப் போகிற குழாயில் வரும் கோளாறு. ரத்தம் மேலே ஏறாமல் தேங்கும். அதற்கு வெளியிலிருந்து இறுக்கினால் நல்லது. எனக்கு இருந்தது கொண்டுவருகிற குழாயில் அடைப்பு. உள்ளே கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து மூடிக்கொண்டது. நடக்கும்போது சதைக்கு அதிக ரத்தம் வேண்டும், வராது, அதனால் வலி. நின்றால் தேவை குறையும், வலி போகும்.

"நீங்க மெஷின்காரர்தானே? கூலன்ட் வர்ற பைப் உள்ள அடைச்சிருக்கு. நீங்க வெளிய கிளாம்ப் போட்டு இறுக்கியிருக்கீங்க" என்றார். அதைவிடத் தெளிவாக எனக்கு யாராலும் சொல்ல முடியாது.

சாக்ஸால் அடைப்பு வரவில்லை, அடைப்பு ஏற்கெனவே இருந்தது, வந்துகொண்டிருந்த கொஞ்சநஞ்ச ரத்தத்தையும் சாக்ஸ் கெடுத்தது என்று சேர்த்துச் சொன்னார். அடைப்பு எதனால் வந்தது என்று கேட்டேன். சிகரெட் எத்தனை என்று திருப்பிக் கேட்டார். நாலைந்து என்றேன்.

"பதினஞ்சு மேடம்" என்றாள் மாரீஸ்வரி.

அட்மிட் செய்தார்கள். கையில் பிரஷர் பார்க்கிற பட்டையைக் கணுக்காலில் கட்டிப் பார்த்தார்கள். கையில் நூற்று நாற்பது. இடது காலில் அறுபதுகூட வரவில்லை. பிறகு டாப்ளர் என்று ஒரு கருவி. பேனா மாதிரி இருக்கும். பசை தடவித் தோலில் வைத்தால் ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்கும். வலது பாதத்தில் பம்ப்செட் மாதிரி அடித்தது. இடது பாதத்தில் வெறும் இரைச்சல். டெக்னீஷியன் பையன் இடம் மாற்றி மாற்றி வைத்துத் தேடினான். அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்து, மருந்து ஏற்றி எடுக்கிற சிடி ஸ்கேன். அந்தப் படத்தை டாக்டர் காட்டினார். வலது காலில் வயிற்றிலிருந்து பாதம் வரை ஒரே வெள்ளைக் கோடு. இடது தொடை நடுவில் கோடு அறுந்து, ஒரு சாண் தூரத்துக்கு ஒன்றுமே இல்லை. அதற்குக் கீழே முடி மாதிரி நாலு இழை.

வெட்டாமல் செய்யலாம் என்றார். தொடை இடுக்கில் ஓர் ஓட்டை போட்டு, குழாய்க்குள் மெல்லிய கம்பியை விட்டு, அடைப்பைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டும். பிறகு அந்தக் கம்பிமேல் பலூனை ஏற்றி ஊதி, அடைப்பை ஓரமாக நசுக்க வேண்டும். திரும்ப மூடாமல் இருக்க ஸ்டென்ட் என்கிற வலைக்குழாயை வைப்பார்கள். மயக்க மருந்துகூட வேண்டாம், மரத்துப்போக ஊசி போதும். எல்லாம் ஒன்றைப் பொறுத்தது: கம்பி அடைப்பைத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால், திறந்து பைபாஸ் செய்ய முடியுமா என்று பார்க்கலாம். அதுவும் ஆகாவிட்டால் ஓசூர் சர்ஜன் சொன்னதுதான்.

கம்பெனி இன்சூரன்ஸ் அனுமதி வர இரண்டு நாள் ஆனது. விரல் கறுப்பது அனுமதிக்காகக் காத்திருக்குமா என்று கவுன்டரில் கத்தினேன். அங்கிருந்த பெண் கன்னடத்தில் ஏதோ சொன்னாள். நான் கெட்ட கன்னடத்தில் பதில் சொன்னேன். இருபத்து மூன்று வருடத்தில் அந்த வார்த்தைகளை மட்டும் நன்றாகப் படித்திருக்கிறேன். மாரீஸ்வரி என்னைச் சக்கர நாற்காலியோடு திருப்பித் தள்ளிக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலம் நாகராஜ் ஷிப்ட் முடித்து, வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வந்தான். அவனை என்னென்ன கேட்க முடியுமோ எல்லாம் கேட்டேன். நீ என்ன டாக்டரா, உன் சாக்ஸைக் கொண்டுபோய்க் குப்பையில் போடு, என் கால் போனால் நீ வந்து என் மெஷினில் நிற்பாயா என்றேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

அவன் தலை குனியவில்லை. "எனக்கு அது நல்லா ஆச்சுண்ணா. அதான் உனக்குக் குடுத்தேன். இல்லாட்டி குடுப்பனா?" என்றான். பழத்தை ஸ்டூல்மேல் வைத்துவிட்டு, "நாலு பேருக்குக் குடுத்திருக்கேன்" என்று மெதுவாகச் சொன்னான். அதைச் சொல்லும்போதுதான் அவன் முகம் மாறியது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவன் கேன்டீனில் அந்த நாலு பேரையும் பிடித்து உட்கார வைத்து ஷூவைக் கழற்றச் சொல்லியிருக்கிறான். சும்மா வேடிக்கை பார்த்த வேறு சிலரும் சேர்ந்துகொண்டார்கள். நாற்றம் தாங்காமல் ஒருத்தன் பொரியலைத் தள்ளிவைத்துவிட்டானாம். டாக்டர் செய்ததாக மாரீஸ்வரி சொன்னதுபோல ஒவ்வொருத்தன் பாதத்திலும் விரலை வைத்து நாடித்துடிப்பு தேடியிருக்கிறான். கல்லாவி ஊர்க்காரன் ஒருத்தனுக்கு எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. அவன் பயந்துபோய் லீவு போட்டு டாக்டரிடம் போனான். அவனுக்கு ஒரு கோளாறும் இல்லை, சிலருக்கு அந்த இடத்தில் துடிப்பு பிறவியிலேயே தட்டுப்படாதாம். அதற்கு அவன் நாகராஜைத் திட்டினான். நாகராஜுக்கு அந்த வாரம் எல்லாப் பக்கமும் திட்டு.

மூன்றாம் நாள் காலை, கம்பி விடுகிற அறைக்கு, கேத் லேப் என்பார்கள், அங்கே கொண்டுபோனார்கள். குளிர் நடுக்கியது. ஓட்டை போட்டது வலது தொடை இடுக்கில். அங்கிருந்து கம்பி மேலே போய், இடுப்பில் திரும்பி, இடது காலில் இறங்க வேண்டும். மருந்து செலுத்தும்போதெல்லாம் கால் முழுக்க வெந்நீர் ஓடுகிற மாதிரி சூடு, தொடை வரை. அதற்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. நான் முழு நினைவோடு மேலே இருக்கிற விளக்கை எண்ணிக்கொண்டு கிடந்தேன். எட்டு விளக்கு. அதையே எண்ணினேன்.

அரை மணி நேரம் கழித்துப் பேச்சு நின்றுவிட்டது. டாக்டர் கம்பியை மாற்றினார். திரும்ப மாற்றினார். பக்கத்தில் இருந்தவரிடம் தணிந்த குரலில் சொன்னார்: "ஹோக்தா இல்லா."

எனக்குப் புரியாது என்று நினைத்துக் கன்னடத்தில் சொன்னார். போகமாட்டேன் என்கிறது என்று அர்த்தம். எனக்குப் புரிந்தது. என் வாழ்நாளில் கன்னடம் தெரிந்ததற்காக அன்றுதான் வருந்தினேன். கால் போய்விட்டது என்று முடிவு செய்துவிட்டேன். அப்போது மெஷின் நினைவுக்கு வரவில்லை. மாரீஸ்வரி வெளியே உட்கார்ந்திருக்கிறாளே, இந்தச் செய்தி போனால் அவள் தன் கையை என்ன செய்துகொள்வாள் என்றுதான் தோன்றியது. அவள்தான் செய்தாள் என்று அவளே சொல்லிவிட்டாள். நான் மறுக்கவே இல்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு டாக்டர் குரல் மாறாமல் ஒரே வார்த்தை சொன்னார்: "ஹோய்த்து." போய்விட்டது, தாண்டிவிட்டது.

பலூன் ஊதியபோது தொடைக்குள் யாரோ பிளக்கிற மாதிரி வலித்தது. கத்தினேன். கத்துங்கள், பரவாயில்லை, ஆனால் அசையாதீர்கள் என்றார். இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். கடைசியாக மருந்து செலுத்தியபோது அந்தச் சூடு தொடையைத் தாண்டி, முழங்காலைத் தாண்டி, பாதம் வரை இறங்கியது. ஏழு மாதமாக அந்தப் பாதத்தில் சூடு என்பதே கிடையாது. நான் அழுதேன். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன்.

ஆறு மணி நேரம் மல்லாந்து கிடக்க வேண்டும், வலது காலை மடக்கக்கூடாது. ஓட்டை போட்ட இடத்தில் மணல்மூட்டை வைத்தார்கள். நர்ஸ் வந்து டாப்ளரை வைத்துத் தேடி, துடிப்பு கேட்ட இடத்தில் பாதத்தின்மேல் மார்க்கர் பேனாவால் பெருக்கல் குறி போட்டார். மணிக்கு ஒருமுறை வந்து அந்தக் குறிமேல் விரல் வைத்துப் பார்த்தார். அடுத்த வாரம் சுண்டுவிரலை மட்டும் எடுத்தார்கள். அது ஏற்கெனவே செத்த விரல். அதற்காக நான் வருத்தப்படவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். மாரீஸ்வரி சோறு ஊட்டினாள், முதுகு துடைத்தாள், இட்லிக்கு மிளகாய்ப்பொடி எங்கிருந்தோ வாங்கிவந்து ஒளித்து வைத்துக் கொடுத்தாள். என் காலைத் தொடவில்லை. போர்வை விலகினால் நுனியைப் பிடித்து இழுத்துவிடுவாள், கை பாதத்தில் படாது. பாதத்தைத் துடைக்க நர்ஸைக் கூப்பிடுவாள். வீட்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான். மாத்திரை, வெந்நீர், செருப்பு எல்லாம் எடுத்துவைப்பாள். புண்ணுக்கு மருந்து கட்ட மட்டும் தெருமுனை கிளினிக்குக்கு என்னை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினாள். எனக்கு அதெல்லாம் பேச வராது.

டாக்டர் சொல்லி அனுப்பியது இவ்வளவுதான். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது. சிகரெட்டைத் தொட்டால் ஸ்டென்ட் அடைக்கும். புண் ஆறியதும் நடக்க வேண்டும். தினமும் காலையில் அந்தக் குறி இருக்கிற இடத்தில் துடிப்பைப் பார்க்க வேண்டும். பாதம் திடீரென்று குளிர்ந்து வெளுத்தால் அந்த நிமிடமே கிளம்பி வர வேண்டும். சிகரெட்டை இன்றுவரை தொடவில்லை. நாளையைப் பற்றி வாக்குக் கொடுக்க மாட்டேன்.

குறி நாளுக்கு நாள் மங்கி, ஒருநாள் காணாமல் போனது. அது மார்கழி. ஓசூர்க் குளிர் தெரிந்தவர்களுக்குத் தெரியும். விடிகாலையில் கட்டிலில் உட்கார்ந்து பாதத்தைத் தொட்டேன். ஐஸ் மாதிரி இருந்தது. விரலை வைத்தேன், துடிப்பு இல்லை. தள்ளி வைத்தேன், இல்லை. அழுத்தினேன், இல்லை. ஸ்டென்ட் மூடிக்கொண்டது, முடிந்தது என்று நினைத்துக் கத்த ஆரம்பித்தேன். டாக்டர், ஆஸ்பத்திரி, நாகராஜ், கம்பெனி என்று யாரையும் விடவில்லை.

மாரீஸ்வரி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். வாசற்படியிலேயே நின்றாள். பிறகு கையைச் சேலையில் துடைத்து, இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, தரையில் உட்கார்ந்தாள். என் காலை எடுத்துத் தன் தொடைமேல் வைத்தாள், சாக்ஸ் போட்டுவிடும்போது வைப்பாளே, அதேபோல. இரண்டு விரலை லேசாகப் பாதத்தில் வைத்தாள். நான் அழுத்திய மாதிரி அழுத்தவில்லை. நர்ஸ் செய்ததை அத்தனை நாளும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். விரலை ஒரு நூல் நகர்த்தினாள். இன்னொரு நூல். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அடிக்குது" என்றாள். "தப்பான எடத்துல கைய வச்சு அமுக்கிக்கிட்டு ஊரயே கூட்டுறீங்க."

விரலை எடுக்காமல், இன்னொரு கையால் எட்டி ஜன்னலில் இருந்த பேனாவை எடுத்தாள். பல்லால் மூடியைக் கழற்றினாள்.

அப்போது சொன்னேன். இல்லையென்றால் என்றைக்கும் சொல்லியிருக்க மாட்டேன்.

"டாக்டர் கேட்டப்ப நான்தான்னு நான் சொல்லியிருக்கணும். ராத்திரியும் போடச் சொன்னது நான்."

அவள் நிமிரவில்லை. "அப்பவே சொல்லியிருக்கலாம்ல" என்றாள். பேனா முனை தோலில் பட்டது. கால் தானாக நடுங்கியது.

"ஆட்டாதீங்க," என்றாள், "கோடு கோணுது."